பெயரை மட்டும்தான் எழுதவில்லை

தோழர்களே, நாங்கள் செய்த ஒரு தவறைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. சம்பந்தப்பட்ட அக்காவிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறோம். ஊர், வார்டு, வருடம் எதுவும் இதில் இருக்காது. ஏன் என்பது படித்து முடிக்கும்போது புரியும்.

அவர் ஒரு மாநகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். காலை ஆறு மணிக்கு வருகைப் பதிவு எடுக்கும் மேற்பார்வையாளர் தொடர்ந்து பாலியல் தொல்லை கொடுத்தார். இணங்காத நாட்களில் ஆப்சென்ட் போட்டார். "காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கெல்லாம் கமிட்டி உண்டா தம்பி?" என்று கேட்டுக்கொண்டுதான் அக்கா எங்களிடம் வந்தார். உண்டு. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்பவரையும் பணியாளர் என்றே சொல்கிறது. புகார் எழுதிக் கொடுத்தோம்.

தபால் பிரிவில் அதைப் பிரித்தார்கள். யார், யார் மேல், என்ன புகார் என்று பதிவேட்டில் முழுதாக எழுதினார்கள். மறுநாள் வருகைப் பதிவுக்கு அவர் போய்ச் சேரும் முன்பே சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. "உன் பாதுகாப்புக்குத்தான்" என்று சொல்லி அவரையே தூரத்து வார்டுக்கு மாற்றினார்கள். அவர் எழுத்தில் கேட்டால்தான் விசாரணைக் காலத்தில் குழு இடமாற்றத்தைப் பரிந்துரைக்கலாம். தொல்லை கொடுத்தவரை மாற்றும்படியும் அவர் கேட்கலாம். ஆனால் அவரை யாரும் கேட்கவே இல்லை.

ஆள் பார்க்காமல் விதி பார்த்து நடப்பதுதான் அலுவலகம் என்று எம்.ஏ. வகுப்பில் மாக்ஸ் வெபரைப் படித்தோம். இந்த அலுவலகம் ஆள் பார்த்தது. ஓர் அதிகாரி மேல் வந்த குற்றச்சாட்டுக் குறிப்பாணை, 'இரகசியம்' என்று எழுதி ஒட்டிய உறையில் ஆணையர் மேசைக்குப் போனதை அங்கேயே பார்த்திருக்கிறோம். தெருக் கூட்டும் தலித் பெண்ணுக்கு அந்த உறை கிடைக்காது. அவருக்குக் காப்பாற்ற என்ன மானம் இருக்கிறது என்ற நினைப்புதான் காரணம்.

எங்களுக்குக் கோபம். அன்றிரவே முகநூலில் எழுதினோம். பெயர் போடவில்லை, கவனமாக இருப்பதாகவே நினைத்தோம். வார்டு எண், வயது, கணவரை இழந்தவர், எந்தக் காலனி எல்லாம் போட்டோம். அந்த வார்டில் வேலை செய்த பெண்களே நான்கு பேர்தான். கல்லூரியில் படிக்கும் அவர் மகன் நண்பனின் போனில் அதைப் படித்தான்.

"என் பேரை மட்டும்தான் நீங்க எழுதல தம்பி" என்றார் அக்கா.

சாட்சி சொல்வதாக இருந்த மற்ற மூவரும் பின்வாங்கினார்கள். அவர்களையும் நாங்கள்தான் காட்டிக் கொடுத்திருந்தோம். ஆதாரம் போதவில்லை என்று குழு முடித்துவிட்டது. நிரூபிக்க முடியாமல் போவதாலேயே புகார் பொய்யாகிவிடாது என்று சட்டம் சொல்கிறது. அந்த வார்டில் அதை யார் நம்புவார்கள்?

புகார் கொடுத்தவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் புகாரில் உள்ளதையும் வெளியிடக் கூடாது என்கிறது 16ஆம் பிரிவு. மாநகராட்சியைப் பார்த்து அந்தப் பிரிவைச் சொல்லிக் கத்திய நாங்கள், அது எங்களுக்கும் சேர்த்துத்தான் என்பதை மறந்துவிட்டோம்.

இப்போது புகாரை மூடிய உறையில் வைத்து, குழுத் தலைவரிடம் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குகிறோம். உறை மேல் விஷயத்தை எழுதுவதில்லை. மூன்று மாதக் கெடு இருப்பதால் தள்ளிப்போடுவதில்லை. யாரிடம் எதைச் சொல்லலாம் என்று முதலில் அவரிடமே கேட்கிறோம், வீட்டாரிடம் சொல்வது உட்பட. வெளியில் போராட வேண்டியது வேறு: குழு இருக்கிறதா, அதன் விவரம் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்கிறதா, 90 நாளில் விசாரணை முடிகிறதா? இவற்றைக் கேட்க எந்தப் பெண்ணின் கதையும் தேவையில்லை.

அக்கா இன்னும் அந்தத் தூரத்து வார்டில்தான் இருக்கிறார். விடியும் முன் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போகிறார். போன மாதம் இன்னொரு பெண்ணை எங்களிடம் கூட்டி வந்தார். "இவங்ககிட்ட சொல்லலாம்மா, இப்பல்லாம் எழுத மாட்டாங்க" என்றார்.

ஜெய் பீம்.