வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள்?

பௌர்ணமி கிரிவலத்தில், நிருதி லிங்கம் தாண்டும்போது என் மாணவி கேட்டாள்: "சுனிதா வில்லியம்ஸ் அத்தனை மாசம் மேல இருந்தப்ப, வீட்டை யாரு மேடம் பாத்துக்கிட்டாங்க?" கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2015இல் புதிய விண்கலங்களுக்காக நாசா தேர்ந்தெடுத்த நால்வரில் அவர் ஒருவரே பெண். மீண்டும் மீண்டும் பறக்கக்கூடிய ஸ்டார்லைனரில் ஏற ஒன்பது வருடம் காத்திருந்தார். 2019இல் ஆளில்லாமல் போய்த் திரும்பிய கலத்துக்குக் 'கலிப்ஸோ' என்று பெயர் வைத்ததும் அவர்தான். 2024 ஜூன் 5 அன்று அதில் பறந்தபோது வயது 58. சுமார் எட்டு நாள் பயணம், ஹீலியம் கசிவாலும் உந்துபொறிக் கோளாறாலும் 286 நாளானது. கலம் செப்டம்பரிலேயே காலியாக இறங்கிவிட்டது.

நாம் பேசியதோ அவருடைய ஒட்டிய கன்னத்தையும் கலைந்த கூந்தலையும். அவர் அப்போது விண்வெளி நிலையத்தின் தளபதி. விண்நடையில் மொத்தம் 62 மணி நேரம் கடந்து, பெண்களில் முதலிடத்துக்கும் வந்தார்.

என் ஆய்வேட்டுக்கும் ஒன்பது வருடம் ஆனது. இரண்டு பிரசவம், படுக்கையில் மாமியார். "இன்னும் முடிக்கலையா?" என்றவர்கள் ஒருவேளை உலை வைத்துத் தந்ததில்லை. அந்தத் தாமதத்தை என் குறையென்றே நம்பியிருந்தேன்.

"அதிருக்கட்டும், நீ மேல படிக்கப் போனா உங்க வீட்டை யாரு பாத்துப்பாங்க?" என்றேன். வருண லிங்கம் வரை பேசாமல் நடந்தாள்.

"அண்ணன் இருக்கான் மேடம். ஆனா டீ போடக்கூடத் தெரியாது."

"கத்துக்கட்டும்."