உடுப்பு மட்டும் விழுந்த படங்கள்

பழைய ஊட்டியின் புகைப்படங்களுக்கு இன்றைக்கு நல்ல மவுசு. ஏரி, செயின்ட் ஸ்டீபன் தேவாலயம், புகைவிட்டு ஏறும் மலைரயில், நீள வராந்தா வைத்த விடுதி. சட்டம் போட்டு ஓட்டல்களில் மாட்டுகிறார்கள். பார்க்கிறவர்கள் ‘அந்தக் காலம்!’ என்று பெருமூச்சு விடுகிறார்கள். யாருடைய அந்தக் காலம் என்று நாம் கேட்கவேண்டியிருக்கிறது.

சென்னை மாகாணத்து வெள்ளை அதிகாரிகள் வெயிலுக்கு ஒதுங்கின ஊர் அது. வில்லியம் ரம்போல்டு என்கிற துரை 1830களின் தொடக்கத்தில் கட்டிய பெரிய கட்டடம் முதலில் ஓட்டலாக இருந்து, பிறகு ஊட்டி கிளப் ஆனது. 1834இல் மெக்காலே சென்னையிலிருந்து ஊட்டிக்குப் போனார். நானூறு மைலும் ஆட்களின் தோள்மேல் வந்ததாக ஊருக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தில் தோள் இருக்கிறது, ஆள் இல்லை.

கேமரா வந்தபிறகும் இதே கதைதான். 1860களில் ஊட்டிக்கு வந்த பென் என்கிற வெள்ளைக்காரர் பல பத்தாண்டுகள் அங்கேயே படமெடுத்தார். அவரைப் போல இன்னும் சிலர். நான் பார்த்த ஒரு விடுதிப் படத்தில் துரைகளும் துரைசானிகளும் நாற்காலியில் இருக்கிறார்கள். பின்னால் வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக நாலுபேர். கீழே பெயர் வரிசை. உட்கார்ந்தவர்களுக்குப் பெயர் உண்டு. நாய்க்கும் உண்டு. நின்றவர்களுக்கு இல்லை.

எங்க வடலூர்ல ஒரு கதை சொல்லுவாங்க. ராமலிங்க அடிகளைப் படம்பிடிக்க வந்தவர் எட்டுத் தடவை முயன்றும் உருவம் விழவில்லையாம். உடுத்தியிருந்த துணி மட்டும் விழுந்ததாம். உடம்பு ஒளியாகிவிட்டது, அதனால்தான் என்பார்கள். விடுதிப் படத்திலும் துணிதான் விழுந்திருக்கிறது. இதற்கு ஒளி காரணமில்லை. எடுத்தவனுக்கு உடுப்பு போதுமாயிருந்தது.

பட்லர், மேட்டி, சமையல், தண்ணி சுமக்கிற ஆள் என்று துரைமாரிடம் வேலைபார்த்தவர்களில் பலர் நம்ம சனங்க. மாட்டுக்கறி வெந்த சட்டியைத் தொட சாதிக்காரன் வரமாட்டான். அம்மாவைப் பெத்த எங்க ஆயாவோட அப்பா இப்படித்தான் ஊட்டிக்கு மேட்டி வேலைக்குப் போனார். வருசத்துக்கு ஒருதரம் வருவாராம். துரை கொடுத்த பழைய கோட்டு போட்டிருப்பாராம். “ஊர்த்தெரு வந்ததும் கழட்டிக் கக்கத்துல இடுக்கிக்குவாரு. சேரிக்குள்ள வந்துதான் திரும்பப் போடுவாரு” என்று ஆயா சொல்லும். அங்கே கோட்டு போடாமல் நிற்கமுடியாது. இங்கே போட்டு நடக்கமுடியாது. இந்தக் கோட்டின் மறுபாதிக் கதை எந்தப் படத்திலும் இல்லை. ஆயாவின் வாயில்தான் இருந்தது.

அதே மலையில்தான் அயோத்திதாசப் பண்டிதர் 1870களில் அத்வைதானந்த சபை கண்டார். இரட்டைமலை சீனிவாசன் அங்கே கணக்கு வேலை பார்த்தார். 1891 டிசம்பர் 1ஆம் தேதி திராவிட மகாஜன சபையின் மாநாடு நீலகிரியில் கூடி, நம் மக்களுக்காகப் பத்துத் தீர்மானங்கள் போட்டது. காங்கிரசுக்கு அப்போது ஆறு வயது. ஊரில் கேமரா இருந்தது, படக்கடை இருந்தது. நான் புரட்டின எந்தத் தொகுப்பிலும் இந்தக் கூட்டம் இல்லை.

பண்டிதரின் தாத்தா கந்தப்பன், ஹாரிங்டன் துரையிடம் பட்லர். அவர் கொடுத்த திருக்குறள் ஏடு எல்லிஸ் துரைக்குப் போய்ச் சேர்ந்ததைப் பண்டிதரே எழுதி வைத்திருக்கிறார். எம்.ஏ. தமிழ் வகுப்பில் குறளுக்கு உரை எழுதிய பத்துப்பேரின் பெயரையும் மனப்பாடம் செய்தேன். இந்தப் பெயரை யாரும் சொல்லித்தரவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்ற கைகளில் தட்டு மட்டுமா இருந்தது?

இது நம்ம ஊர் வழக்கம் மட்டுமில்லை. 1869 மே 10 அன்று அமெரிக்காவின் மேற்கே, உட்டாவில், இரண்டு திசையிலிருந்து வந்த தண்டவாளங்கள் கூடின. ரசல் என்பவர் எடுத்த அந்தப் படம் உலகப் பிரசித்தம். மேற்குப் பக்கப் பாதைக்கு மலை குடைந்தவர்களில் பெரும்பாலோர் சீனர். படத்தில் கொண்டாடுகிற கூட்டத்தில் அவர்கள் முகத்தைத் தேடித்தான் பார்க்கவேண்டும். 2014இல் அவர்கள் வம்சத்தார் அதே இடத்துக்குப் போய், கூட்டமாக நின்று, படமெடுத்துக்கொண்டார்கள். அழுதுகொண்டிருக்கவில்லை.

நமக்கும் வேலை இருக்கிறது தோழர்களே. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், ஏற்காடு என்று போய் உழைத்தவர்கள் கடலூர், சிதம்பரம் பக்கத்துச் சேரிகளிலும் இருப்பார்கள். துரை எழுதிக்கொடுத்த நன்னடத்தைச் சீட்டு ஒன்று டிரங்குப் பெட்டி அடியில் கிடக்கலாம். செல்லரிக்கும் முன்னே எடுங்கள். கிழவிகளைக் கேளுங்கள். பெயர், ஊர், செய்த வேலை, வாங்கின கூலி எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆயா சொன்னதை நான் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் பக்கத்தில் அவள் அப்பா பெயர் இருக்கிறது.