கெஜட் வரட்டும்

வக்கீல் தொழிலில் நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. பெரும்பாலானவை வாய்தா வாங்கச் சொன்னவை. இது அந்த ரகமல்ல.

2024 ஜூன் 4 அன்று ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் நவாஸ்கனி வென்றதாக அறிவித்தார்கள். ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்று இரண்டாமிடம் வந்த தேர்தல். சில நாளில் பாம்பனிலிருந்து ஒரு மீன் வியாபாரி வந்தார். தேர்தலை எதிர்த்து மனு போட வேண்டும் என்றார். வேட்பாளர்தான் போட வேண்டும் என்றில்லை, தொகுதி வாக்காளரும் போடலாம். காப்புத்தொகை 2,000 ரூபாயைப் பாலிதீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நோட்டெல்லாம் கருவாட்டு வாடை.

“கெஜட் வரட்டும்ணே. அதுலேர்ந்துதான் 45 நாள்” என்றேன். புத்தகத்தைப் புரட்டாமலே சொன்னேன்.

ஓ.பி.எஸ். சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போட்டுவிட்டார் என்று ஜூலையில் பேப்பரில் படித்தபோதும் உறைக்கவில்லை. ‘இவருக்கென்ன இத்தனை அவசரம்’ என்று நினைத்தேன். சட்டத்தைத் திறந்தபோது ஆகஸ்ட். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 81ஆவது பிரிவு: தேர்தல் தேதியிலிருந்து 45 நாள். எது தேர்தல் தேதி? தேர்தல் நடத்தும் அலுவலர் முடிவை அறிவித்த நாளேதான் என்கிறது 67ஏ. அரசிதழில் பெயர் வருவதற்கும் இந்தக் கெடுவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஜூலை 19 வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது. மற்ற வழக்கென்றால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு மனு போட்டுச் சமாளிப்போம். தேர்தல் மனுவில் அது செல்லாது என்று லலித் நாராயண் மிஸ்ரா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

“வக்கீலய்யா, நம்ம பெட்டிசன் என்னாச்சு?” என்று அவர் போன் செய்தார்.

“ஒரே தேர்தலுக்கு எதுக்குண்ணே ரெண்டு கேசு? ஓ.பி.எஸ். போட்டிருக்காருல்ல.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “நாளைக்கே அவரு வாபஸ் வாங்க கோர்ட்டு அனுமதிச்சா, அது கெஜட்ல வரும். வந்த 14 நாளைக்குள்ள மனு போட்டு அவரு எடத்துல நாம வரக் கேக்கலாம். 110ஆவது செக்ஷன்.”

இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. கெஜட்டிலிருந்து நாள் எண்ணுவது உண்மையில் அங்கேதான். தப்பு செய்த பிறகு படித்த பிரிவை, தப்பை மறைக்கவே எடுத்து வீசினேன். அவருக்கு ஒரே பிரமிப்பு. 2,000 ரூபாயை அவருடைய செக் கேஸ் ஃபீஸில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் அவர் மச்சானின் விசைப்படகு வழக்கும் என்னிடமே வந்தது.