தீவுத்திடலில் தனியாக ஒரு மாலை

பொங்கல் போனால் ராயபுரத்துக்குப் பொருட்காட்சிதான். பீச் ஸ்டேஷனையும் கோட்டையையும் தாண்டினால் தீவுத்திடல். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் சுற்றுலா, தொழில் பொருட்காட்சி அங்கேதான் நடக்கும். குடும்பத்தோடு போவதுதான் பழக்கம்.

ஆனால் தனியாகப் போகிறவருக்கே அது முழுசாகக் கிடைக்கிறது. அரசுத் துறை அரங்குகளில் நின்று நிதானமாகப் படிக்கலாம், கையைப் பிடித்து இழுக்க ஆளில்லை. மிளகாய்த்தூள் தூவிய டெல்லி அப்பளத்தை ஓரத்திலிருந்து ஒடித்து ஒடித்து ஒருவரே தின்று முடிக்கலாம்.

ராட்டினத்தில் மட்டும் கதை வேறு. 1893-ல் சிகாகோ கண்காட்சியில் ஃபெரிஸ் என்பவர் எழுப்பிய ராட்டினச் சக்கரம் 264 அடி உயரம். ஒரு பெட்டியில் 60 பேர் ஏற முடிந்தது, தனி ஆள் யார் கண்ணிலும் பட்டிருக்கமாட்டார். நம்மூர் ராட்டினப் பெட்டியில் நாலைந்து பேர்தான். எடை ஒரு பக்கம் சாயாமல் இருக்க ஆபரேட்டர் எதிரெதிர்ப் பெட்டிகளாகப் பார்த்து நிரப்புவார். தனியாக வந்தவரை ஏதாவது ஒரு குடும்பத்தோடு உட்கார வைத்துவிடுவார். உச்சியில் நிற்கும்போது பயந்துபோன குழந்தை பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளும், உறவா என்றெல்லாம் பார்க்காது.

இப்படித் தனியாக ஒரு மாலை வடசென்னைப் பெண்களுக்கும் வாய்க்க வேண்டும். அதற்குத் திடலிலிருந்து கோட்டை ரயில் நிலையம் வரை ராத்திரியிலும் பளிச்சென்று விளக்கு எரிய வேண்டும்.