வேடிக்கை பார்க்கப் போனவர்கள்

யுத்தத்தைப் பற்றி எழுத உமக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தீபாவளி வெடிக்கே இரண்டடி பின்வாங்குகிறவன் நான். ஆனாலும் கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பெரிய காரியத்தைப் பற்றிப் படித்தாலும் அதன் முதல் நாளைத் தேடிக்கொண்டு போவான். முடிவுதான் எல்லோருக்கும் தெரிந்ததாயிற்றே! முதல் நாளிலோ யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் எல்லோரும் எல்லாம் தெரிந்தவர்கள்போல் நடந்துகொள்வார்கள். மனித சுபாவத்தைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல நாள் ஏது?

அப்படி நான் தேடிப்போன நாட்களில் ஒன்று, 1861-ம் வருஷம் ஜூலை மாதம் 21-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் முதல் பெரிய சண்டை அன்றுதான் நடந்தது. இடம் வர்ஜீனியா மாகாணம். தலைநகரான வாஷிங்டனிலிருந்து முப்பது மைலுக்குள். அங்கே ஓடிய ஓடையின் பெயரால் வடக்கத்தியார் அதைப் 'புல் ரன்' சண்டை என்றார்கள். பக்கத்து ரயில் சந்திப்பின் பெயரால் தெற்கத்தியார் 'மனாசஸ்' சண்டை என்றார்கள். பங்காளிச் சண்டையில் பெயர் வைப்பதில்கூட ஒற்றுமை ஏற்படுவதில்லை.

அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தென் மாகாணங்கள் பிரிந்துபோய்த் தனி அரசாங்கம் அமைத்துக்கொண்டிருந்தன. ஏப்ரல் மாதம் சம்ட்டர் கோட்டையைப் பீரங்கியால் அடித்துப் பிடித்துக்கொண்டன. உடனே ஜனாதிபதி லிங்கன் 75,000 பேர் வேண்டுமென்று அழைப்பு விடுத்தார். எத்தனை காலத்துக்கு என்கிறீர்கள்? தொண்ணூறு நாளுக்கு! பழைய சட்டம் அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் தொண்ணூறு நாளே அதிகம் என்று நினைத்தவர்களும் அநேகர். எதிரியின் தலைநகரான ரிச்மண்டைப் பிடி, பிடி என்று நியூயார்க் பத்திரிகை ஒன்று கொட்டை எழுத்தில் கூவிக்கொண்டிருந்தது. பத்திரிகை ஆசிரியர்கள் சேனையை நடத்துவதில் எப்போதுமே கெட்டிக்காரர்கள். மேஜையை விட்டு எழுந்திருக்கவே வேண்டாமல்லவா?

சேனையை நிஜமாக நடத்த வேண்டியிருந்தவர் மக்டவல். ஆட்களுக்குப் பயிற்சி போதாது, இன்னும் அவகாசம் வேண்டும் என்றார் அவர். எதிரிகளும் கற்றுக்குட்டிகள்தானே என்ற சமாதானம் மேலிடத்திலிருந்து வந்தது. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நின்ற இடத்தில் நின்று சுடுகிற கற்றுக்குட்டிக்கு உள்ள சௌகரியம், வெயிலில் நடந்துபோய்த் தாக்குகிற கற்றுக்குட்டிக்குக் கிடையாது. ஜூலை 16-ல் புறப்பட்ட சேனை, வழியில் வேலியோரம் பழுத்திருந்த பிளாக்பெரிப் பழங்களைப் பறித்துத் தின்றுகொண்டும், தண்ணீர் கண்ட இடத்திலெல்லாம் நின்றுகொண்டும், இருபது மைல் தூரத்தை இரண்டு நாளுக்கு மேல் நடந்தது. சண்டை தொடங்கும் சமயத்தில் ஒரு காலாட்படைப் பிரிவுக்கும் ஒரு பீரங்கிப் பிரிவுக்கும் தொண்ணூறு நாள் முடிந்துவிட்டது. இருங்கள் என்று எவ்வளவோ கேட்டுக்கொண்டும் பயனில்லை. பீரங்கிச் சத்தத்தை முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே அவர்கள் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார்கள். நான் அவர்களைப் பரிகாசம் செய்யமாட்டேன். ஒப்பந்தப்படி நடந்தவர்கள் அன்று அவர்கள் மட்டும்தான்.

இன்னொரு கூட்டம் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது. செனட்டர்கள், காங்கிரஸ் அங்கத்தினர்கள், பத்திரிகைக்காரர்கள், சில சீமாட்டிகள்! சாரட்டு வண்டிகளில், பலகாரக் கூடைகளோடும் தூரதிருஷ்டிக் கண்ணாடிகளோடும் சென்டர்வில் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சண்டை நடந்த இடம் அங்கிருந்து ஐந்து மைல். புகையைத் தவிர அதிகமாக எதுவும் தெரிந்திருக்காது. தேர்த் திருவிழாவுக்குப் போய்க் கூட்டத்தில் தேரைப் பார்க்காமல் திரும்புகிறவர்களை நமக்குத் தெரியாதா?

வந்தவர்களில் ஒருவர் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் நிருபர் ரஸ்ஸல். இவர் நம் தேசத்துக்கும் வந்தவர். 1858-ல் லக்னோவில் ஆங்கிலச் சேனையோடு இருந்து, வெள்ளைக்காரர்கள் பழிவாங்கிய விதத்தைக் கண்டித்து எழுதியவர். புல் ரன்னுக்கு அவர் வந்து சேர்ந்தது தாமதமாக. வெற்றியைக் காணவில்லை; ஓட்டத்தைத்தான் கண்டார். கண்டதை எழுதினார். அதற்காக வடக்கத்தியார் அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

காலையில் என்னவோ வடக்கத்தியார் கைதான் ஓங்கியிருந்தது. மக்டவல் விடியுமுன்னே ஆட்களை நடத்தி, ஓடையைச் சுற்றிக் கடந்து, எதிரியின் இடப்பக்கத்தில் இறங்கினார். யோசனை நல்ல யோசனை. ஆனால் ஷெனன்டோவா பள்ளத்தாக்கில் தடுத்து நிறுத்தப்பட்டிருக்க வேண்டிய ஜான்ஸ்டனின் படை, நழுவி வந்து ரயிலேறி மனாசஸில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சண்டையின் முடிவை ரயில் வண்டி மாற்றியது என்று சொல்லும்படியான முதல் சந்தர்ப்பங்களில் அது ஒன்று. ஹென்றி குன்று என்ற மேட்டில் ஜாக்சன் என்ற தெற்கத்திய அதிகாரி அசையாமல் நின்றார். 'கற்சுவர்' ஜாக்சன் என்ற பெயர் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரைக் கொடுத்த பீ என்ற தளபதி மறுநாளே இறந்துவிட்டதால், புகழ்ந்து சொன்னாரா, உதவிக்கு வரவில்லையே என்று ஏசினாரா என்று இன்றைக்கும் சர்ச்சை நடக்கிறது.

உடுப்பு விஷயம்தான் எனக்கு ஆச்சரியம். வடக்கில் சில படைகள் சாம்பல் நிறம். தெற்கில் சில படைகள் நீல நிறம். குன்றின்மேல் வடக்கத்தியாரின் பீரங்கிகளை நோக்கி ஒரு நீலப் படை நடந்து வந்தது. சுடப்போன அதிகாரியை, அவர்கள் நம்மவர்கள் என்று மேலதிகாரி தடுத்தார். வந்தவர்கள் வர்ஜீனியாக்காரர்கள். கிட்ட வந்து ஒரே வேட்டு. பீரங்கிக்காரர்களும் குதிரைகளும் சாய்ந்தார்கள். கொடிகளிலும் இதே குழப்பம். காற்றில்லாமல் தொங்கியபோது இரு கொடிகளும் ஒன்றுபோலவே தெரிந்தன. தெற்கத்தியார் போர்க்களத்துக்கென்று வேறு கொடி தைத்துக்கொண்டது இந்த அனுபவத்துக்குப் பிறகுதான்.

அந்தக் குன்றுக்குப் பெயர் கொடுத்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் ஜூடித் ஹென்றி என்ற விதவை இருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர், படுத்த படுக்கை. காலையில் பிள்ளைகள் மெத்தையோடு தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். கிழவி கேட்கவில்லை, என் வீட்டுக்கே கொண்டுபோங்கள் என்று பிடிவாதம். திரும்பக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள். பிற்பகலில் அந்த வீட்டிலிருந்து யாரோ சுடுகிறார்கள் என்று எண்ணி வடக்கத்திய பீரங்கிகள் அதன்மேல் திரும்பின. அன்றைய சண்டையில் இறந்த ஒரே குடியானவர் அந்த அம்மாள். வீட்டில் வேலை செய்த கறுப்பினப் பெண்ணுக்குக் காலில் காயம். ஜூடித்தின் காலஞ்சென்ற கணவரோ அமெரிக்கக் கடற்படையில் வைத்தியராக இருந்தவர். அந்த அரசாங்கத்தின் குண்டுதான் அவர் மனைவியைக் கொன்றது. எண்பது வயதில் தன் கட்டிலைத் தவிர வேறொன்றும் கேட்காத ஒருத்தியை இரண்டு சேனைகள் அதில் நிம்மதியாகப் படுக்கவிடவில்லை.

நாலு மணிக்குமேல் வடக்கத்தியார் பின்வாங்கினார்கள். முதலில் நடையாகத்தான் இருந்தது. ஓர் ஓடைப் பாலத்தில் குண்டு விழுந்து ஒரு வண்டி கவிழ்ந்து வழி அடைபட்டதும் ஓட்டமாகிவிட்டது. சிப்பாய்களும் சாரட்டுகளும் ஒரே சாலையில்! ஈலி என்ற காங்கிரஸ் அங்கத்தினர் கைதியாகி டிசம்பர் வரையில் ரிச்மண்டில் சிறையிருந்தார். வேடிக்கை பார்க்கக் கொடுத்த விலை ஐந்து மாதம்.

இரு தரப்பிலும் சேர்த்து எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அமெரிக்க மண்ணில் அதுவரை அவ்வளவு பெரிய சண்டை நடந்ததில்லை. அடுத்த வருஷம் ஆன்டீட்டத்தில் ஒரே நாளில் இருபதாயிரத்துக்கு மேல் இறந்தும் காயமடைந்தும் விழுந்தபோது, இந்த எண்ணூறு ஒன்றுமில்லாமல் போயிற்று.

இனி, அந்த நாளிலிருந்து யார் என்ன கற்றார்கள் என்பது. மகாபாரத யுத்தத்தில் முதல் நாள் தோற்றவர்கள் பாண்டவர்கள். உத்தரனையும் சுவேதனையும் பறிகொடுத்துத் தருமர் கலங்கிப்போன நாள் அது. இங்கேயும் அதே கதைதான். ஜெயித்தவர்களில் பலர் யுத்தம் முடிந்தது என்று மூட்டை கட்டினார்கள். தோற்ற வடக்கிலோ, மறுநாளே ஐந்து லட்சம் பேரை மூன்று வருஷம் வரையில் சேர்த்துக்கொள்ளச் சட்டம் வந்தது. தொண்ணூறு நாள் பேச்சு அத்தோடு ஒழிந்தது.

ஆனால் என் மனத்தில் நிற்பது வேறொன்று. அதே வாரத்தில், 22-ந் தேதி ஒரு சபையிலும் 25-ந் தேதி மற்றொரு சபையிலும், வாஷிங்டன் காங்கிரஸ் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இந்த யுத்தம் தேச ஒற்றுமைக்காகவே. மாகாணங்களில் நிலைபெற்ற வழக்கங்களில் கை வைப்பதற்காக அல்ல என்று. நிலைபெற்ற வழக்கம் என்றால் அடிமைமுறைதான். வார்த்தையை வெளியே சொல்லாமல் சொல்லும் வித்தை! ஆகையால் அந்த ஞாயிற்றுக்கிழமை வடக்கு ஜெயித்து, அந்த மாதமே ரிச்மண்ட் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தென் மாகாணங்கள் தங்கள் அடிமைகளோடு கூடவே திரும்பி வந்து சேர்ந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விடுதலைப் பிரகடனம் வந்தது 1863 ஜனவரி 1-ந் தேதி. அதுவரை யுத்தம் நீள வேண்டியிருந்தது. நாலு வருஷத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நல்லவர்கள் முதல் நாள் தோற்றது நல்லதாயிற்று என்று எழுதப் பேனா கூசுகிறது. ஆனால் மாற்றி எழுதவும் முடியவில்லை.

ஹென்றி குன்றிலேயே, கிழவியின் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, இன்னொரு வீடு இருந்தது. ஜேம்ஸ் ராபின்சன் என்ற கறுப்பருடையது. அவர் சுதந்திரராகப் பிறந்தவர். அவர் மணந்தவளோ அடிமை. சண்டை அவர் நிலத்தின்மேலேயே நடந்தது. ஹென்றி வீடு இடிந்தது. ராபின்சன் வீடு தப்பியது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் இரண்டு சேனைகளும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து இரண்டாம் முறை சண்டை போட்டன. அப்போதும் வடக்கு தோற்றது. அந்தத் தடவை அவருடைய பயிரும் பண்டங்களும் சிப்பாய்கள் கையில் போயின. யுத்தமெல்லாம் முடிந்த பிறகு அவர் நஷ்ட ஈடு கேட்டு அரசாங்கத்துக்கு மனுப் போட்டார். விசாரணை நடத்தி, கேட்டதில் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள்.