டியூபில் மிதந்து மீன் பிடிக்க ஓர் ஏரி

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது பழமொழி. ஆனால் இடுப்பு வரைக்கும் உடம்பையே தண்ணீரில் விட்டுக்கொண்டு மீன் பிடிக்கும் ஒரு முறை இருக்கிறது. அதற்குப் பெயர் ஃப்ளோட் டியூப் மீன்பிடிப்பு. அமெரிக்காவில் இதைச் செல்லமாக 'பெல்லி போட்' என்றும் சொல்கிறார்கள், அதாவது வயிற்றுப் படகு! படகு வாங்க வசதி இல்லாதவரும், படகை ஏற்றிப் போக வண்டி இல்லாதவரும் முதுகில் சுமந்துகொண்டு போய் ஏரியில் இறங்கலாம் என்பதுதான் இதன் சிறப்பு.

முத்தாபுதுப்பேட்டை போன்ற ஓர் ஊரில் இருந்துகொண்டு இப்படி மீன் பிடிக்க முடியுமா? சுற்றிலும் ஏரிகளுக்குப் பஞ்சமே இல்லை. பிறகு என்ன தடை? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஃப்ளோட் டியூப் என்றால் என்ன?

மிகவும் எளிமையான பொருள் அது. காற்று அடைத்த ஒரு வளையம், நடுவில் துணியால் தைத்த இருக்கை, அவ்வளவுதான். மனிதன் அந்த இருக்கையில் உட்கார்ந்தால் கால்கள் தண்ணீருக்குள் தொங்கும். காலில் வாத்துக்கால் போன்ற ரப்பர் துடுப்புகளை மாட்டிக்கொண்டு உதைத்தால் டியூப் நகரும். முன்னால் அல்ல, பின்னால்தான் நகரும்! கைகள் இரண்டும் தூண்டிலுக்கு என்று சும்மா இருக்கும். ஆரம்ப காலத்தில் லாரி டயரின் உள்ளே இருக்கும் டியூபை வைத்துத்தான் இதைச் செய்தார்கள். பிறகு U வடிவம், V வடிவம் என்று முன்பக்கம் திறந்த மாடல்கள் வந்தன. அவற்றில் ஏறுவதும் இறங்குவதும் சுலபம். ஓர் அறையில் காற்று போனாலும் இன்னோர் அறை காப்பாற்றும்.

இது வெள்ளைக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். மிதக்கும் ஒரு பொருளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்குவது மிகப் பழைய வித்தை. கி.மு. 9ஆம் நூற்றாண்டு அசீரிய அரண்மனைச் சிற்பம் ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் மனிதர்கள் காற்று அடைத்த ஆட்டுத்தோல் பைகளைக் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறார்கள். சிந்து நதியில் மீனவர்கள் பெரிய மண்பானையின் மேல் வயிற்றை வைத்துக் கவிழ்ந்து படுத்து மிதந்தபடி 'பல்லா' மீனைப் பிடித்தார்கள். பிடித்த மீனைப் போட்டதும் அதே பானைக்குள்தான்! நைஜீரியாவின் அர்குங்கு மீன்பிடித் திருவிழாவில் இன்றும் பெரிய சுரைக்குடுவைகள்தான் மிதவை. நம் ஊர்க் கிணறுகளில் பிள்ளைகள் நீச்சல் பழகியதும் காய்ந்த சுரைக்குடுவையையோ பிளாஸ்டிக் கேனையோ லாரி டியூபையோ முதுகில் கட்டிக்கொண்டுதானே?

நம் ஏரிகளின் டியூப் மீனவர்கள்

சென்னையின் மேற்குப் பக்கத்து ஏரிக்கரைகளில் விடியற்காலையில் போய் நின்றால் இதை நேரில் பார்க்கலாம். ஒருவர் லாரி டியூபின் நடுவில் கயிறு பின்னி, அதன்மேல் சாக்கு போட்டு உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் தெர்மாகோல் பலகைகளைச் சாக்கில் வைத்துக் கட்டித் தெப்பம் செய்திருப்பார். கையில் ஒரு பலகைத் துண்டு, அதுதான் துடுப்பு. மடியில் செவுள் வலை. மாலையில் விரித்த வலையைக் காலையில் எடுத்துக்கொண்டு வருவார். கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி என்று கிடைத்ததைக் கரையிலேயே எடை போட்டு விற்றுவிடுவார். விரால் சிக்கினால் அன்றைக்கு அவருக்கு யோகம்!

இவருக்கு இது பொழுதுபோக்கு இல்லை, தினக் கூலி. உயிர்காக்கும் மேலாடை கிடையாது. டியூபில் ஒட்டுப் போட்ட இடங்கள் எத்தனை என்று அவருக்கே தெரியாது. லாரிகள் டியூப் இல்லாத டயருக்கு மாறி வருவதால் நல்ல பழைய டியூப் கிடைப்பதும் இப்போது கஷ்டமாகிவிட்டது.

ஒரு மாணவனின் தேடல்

முத்தாபுதுப்பேட்டைப் பக்கத்துக் கல்லூரி மாணவன் ஒருவனுக்கு வெளிநாட்டில் இருந்து வந்த மாமா ஒரு ஃப்ளோட் டியூபைப் பரிசாகக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அவன் முதலில் செய்யும் காரியம் என்ன? கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்து நீல நிறமாக இருக்கும் இடங்களை எல்லாம் எண்ணுவான். சுற்றிலும் ஏகப்பட்ட நீலம்! ஆனால் அந்த நீலத்தில் எதில் இறங்கலாம் என்று வரைபடம் சொல்லாது.

முதலில் கண்ணில் படுவது பெரிய ஏரிகள். வடகிழக்கே சோழவரம், கிழக்கே புழல், தெற்கே பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம், மேற்கே திருவள்ளூரைத் தாண்டினால் பூண்டி. இவை நான்கும் சென்னைக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கங்கள். செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு மட்டும் 3,645 மில்லியன் கன அடி. குளிக்கக் கூடாது, இறங்கக் கூடாது என்று கரையில் பலகை வைத்திருப்பார்கள். அங்கே வலை போடுகிறவர்கள் உரிமம் பெற்ற மீனவர்கள். இடுப்பு வரை தண்ணீரில் தொங்கிக்கொண்டு பொழுதுபோக்காக மீன் பிடிக்க இவை இடம் அல்ல. கோடிப் பேர் குடிக்கும் தண்ணீர் அது. அமெரிக்காவில் சில குடிநீர் நீர்த்தேக்கங்களில் ஃப்ளோட் டியூபை அனுமதிக்கிறார்கள். ஆனால் தண்ணீர் உடம்பில் படாதபடி மார்பு வரை மூடும் ரப்பர் உடை கட்டாயம். நம் ஊரில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

அடுத்து நகரத்து ஏரிகள். ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சீர்செய்து 2019ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். நடைபாதை, படகுச் சவாரி எல்லாம் உண்டு. நடக்கவும் பறவை பார்க்கவும் அருமையான இடம், டியூபோடு இறங்க அல்ல. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளில் கழிவுநீர் கலப்பது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். படகில் இருப்பவருக்குத் தண்ணீர் கெட்டிருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டால் போதும். டியூபில் இருப்பவர் அந்தத் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறார். காலில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் ஆபத்துதான்.

மிச்சம் இருப்பவை பாலவேடு, வெள்ளானூர், ஆலத்தூர் என்று ஊருக்கு ஊர் இருக்கும் பாசன ஏரிகள். நம் மாணவனின் நம்பிக்கை இங்கேதான்.

மீன் பாசி ஏலம்

ஊர் ஏரி என்றால் எல்லோருக்கும் பொது, யார் வேண்டுமானாலும் மீன் பிடிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏரியின் கரையும் மதகும் தண்ணீரும் ஒரு கையில், மீன் இன்னொரு கையில்! பெரிய பாசன ஏரிகள் முன்பு பொதுப்பணித் துறையிடம் இருந்தன. 2021ல் நீர்வளத் துறை தனியாகப் பிரிந்தது. சிறிய ஏரிகளும் குளங்களும் ஊராட்சிகளிடம் இருக்கின்றன. இவற்றில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுகிறார்கள். கிராமத்து வழக்கில் இதற்கு 'மீன் பாசி ஏலம்' என்று பெயர். கணக்கு பசலி ஆண்டுப்படி, ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 வரை. ஏலம் எடுத்தவர் தன் செலவில் மீன் குஞ்சு வாங்கி விடுகிறார். காவலுக்கு ஆள் போடுகிறார். கோடையில் தண்ணீர் வற்றும்போது மொத்தமாகப் பிடித்துப் போட்ட பணத்தை எடுக்கிறார்.

ஆகவே அங்கே தூண்டிலோடு இறங்குகிறவன் குத்தகைதாரரின் கண்ணுக்கு விளையாட்டு வீரனாகத் தெரிய மாட்டான். திருடனாகத்தான் தெரிவான். இதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. கடன் வாங்கி ஏலம் எடுத்தவரும் உண்டு.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. கேட்பதுதான் வழி! ஊராட்சி அலுவலகத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ ஏரி யாருடையது, குத்தகை யாரிடம் என்று விசாரிக்கலாம். பிறகு குத்தகைதாரரைப் போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் போகும்.

"அண்ணே, இதுல உக்காந்து தூண்டில் போட்டுக்கலாமா?"

"இன்னா தம்பி இது, சோபா மாதிரி கீது? எவ்ளோ ஆச்சு?"

"மாமா வாங்கித் தந்தாருண்ணே. பிடிக்கிற மீனை உங்க கிட்டயே குடுத்துடுறேன்."

"மீனு கெடக்கட்டும். அந்தத் தென்னண்டப் பக்கம் மட்டும் போவாதே. சவுடு எடுத்த பள்ளம். ரெண்டு ஆள் ஆழம் இருக்கும். கீழ வல வேற கெடக்குது."

வரைபடத்தில் இல்லாத செய்தி இந்தக் கடைசி வரிதான். அனுமதியைவிட இதன் விலை அதிகம்.

தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது?

நம் ஏரிகள் இயற்கையான ஏரிகள் அல்ல. பெரும்பாலும் ஒரு பக்கம் கரை கட்டிய ஆழம் குறைந்த நீர்ப்பரப்புகள். கரையோரம் ஆழமாகவும், எதிர்ப்பக்கம் போகப் போக முழங்கால் அளவாகவும் இருக்கும். இந்தக் கணக்கைச் சவுடு மண் எடுத்த பள்ளங்கள் கெடுத்துவிட்டன. கோடையில் லாரி ஓடிய இடம் மழைக்காலத்தில் மேலே பார்க்கச் சமமாகத் தெரியும். இடுப்பளவில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் காணாமல் போவார். ஏரியில் மூழ்கிப் பலியான சிறுவர்களைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாளில் படிக்கிறோமே, அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு பள்ளம் இருக்கும்.

அடுத்தது முள். வறண்ட காலத்தில் ஏரிக்குள் வளர்ந்த சீமைக்கருவேல மரங்கள் தண்ணீர் வந்தபின் அடியில் மறைந்து நிற்கும். அதன் முள் லாரி டயரையே குத்தும், டியூப் எம்மாத்திரம்! தொட்டியில் வளர்க்க வந்து ஏரிக்குள் புகுந்துவிட்ட சக்கர் மீனின் துடுப்பு முள்ளும் சாதாரணமானது இல்லை. மடியில் அந்த மீனோடு டியூபில் உட்கார்ந்திருப்பது ஊசியோடு பலூனில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம்.

மூன்றாவது வலை. செவுள் வலை கண்ணுக்குத் தெரியாது. காலில் துடுப்பு மாட்டியிருப்பவர் அதில் சிக்கினால் உதைக்க உதைக்க இறுகும். நான்காவது ஆகாயத்தாமரை. காற்று திரும்பினால் கூட்டமாக நகர்ந்து வந்து வழியை அடைத்துவிடும்.

இவற்றை எல்லாம் சமாளிக்கச் சில எளிய விதிகள் போதும். மேலாடை இல்லாமல் இறங்கக் கூடாது. தனியாகப் போகக் கூடாது. கரையில் ஒருவர் நீளக் கயிறோடு இருக்க வேண்டும். வலையை அறுக்க ஒரு சின்னக் கத்தி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கலங்கல், மதகு பக்கம் போகவே கூடாது, அங்கே தண்ணீர் இழுக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் இருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி தண்ணீர் வெளியேறியதைச் சென்னை மறக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை ஏரி நிறைந்து அமைதியாக இருக்கும், அதுதான் ஏற்ற காலம். அதற்குப் பிறகு வெயிலும் சேறும்தான். 2019 கோடையில் பெரிய நீர்த்தேக்கங்களே வறண்டு வெடித்துக் கிடந்தன.

வேறு வழிகள்

தூண்டில் பொழுதுபோக்கு இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. சென்னை மாகாண அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி மட்டுமே 1887ல் ஒரு புத்தகம் எழுதினார். நீலகிரியில் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் 1879லேயே தனிச் சட்டம் வந்தது. பிற்பாடு அங்கே டிரவுட் மீனைக் கொண்டுவந்து வளர்த்து, அதைத் தூண்டிலில் பிடிக்க உரிமச் சீட்டு முறையையும் ஏற்படுத்தினார்கள். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தாவும் வலையுமாக ஊரே இறங்கும். காசு கிடையாது, அனுமதிச் சீட்டும் கிடையாது, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினால் போதும்! ஆனால் முழங்கால் தண்ணீரில் டியூபுக்கு என்ன வேலை?

ஆக, சீட்டு கொடுப்பது, திருவிழாவாகத் திறந்துவிடுவது ஆகிய இரண்டு வழிகளும் நம்மிடமே இருக்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்து ஏரிகளுக்கும் முதல் வழியைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்தலாம். நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று குத்தகைதாரரே ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு, ஆபத்தில்லாத பகுதியைக் கொடி நட்டுக் காட்டி, நாலைந்து பேரை மட்டும் இறங்கவிடலாம். மீனை எடை போட்டு விலை கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். வலையில் மீன் படாத நாளிலும் அவருக்கு நாலு காசு கிடைக்கும். ஏரிக்குள் கழிவுநீரை விடுகிறவர்களைக் கண்காணிக்க இன்னும் சில கண்களும் கிடைக்கும்.

அதுவரை புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மீன் பண்ணைக் குட்டைகள்தான் நல்ல இடம். உரிமையாளர் ஒருவர், ஆழம் தெரிந்த தண்ணீர், அடியில் முள் இல்லை, கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டு.

நல்ல ஏரி எது என்று தேடுகிறவர்கள் தண்ணீரின் பரப்பளவைப் பார்க்கிறார்கள், மீனின் அளவைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அந்த ஏரியில் ஒட்டுப் போட்ட லாரி டியூபில் மிதந்துகொண்டிருக்கும் மனிதரை. பள்ளம் எங்கே, முள் எங்கே, வலை எங்கே என்று அவருக்குத் தெரியும். அவரிடம் இல்லாதது ஓர் உயிர்காக்கும் மேலாடை. இறங்க அனுமதி கேட்டுப் போகிற இளைஞர்கள் கையில் அதில் ஒன்றைக் கூடுதலாகக் கொண்டுபோனால் எந்த ஏரியிலும் பேச்சு நல்லபடியாகவே தொடங்கும்.