கட்டின் விலையும் கட்டிலின் விலையும்

தீக்காயச் சிகிச்சைக்குப் புதிதாக எது வந்தாலும், கொள்முதல் குழுவினர் எங்களிடம் முதலில் கேட்பது "ஒன்று என்ன விலை?" என்றுதான். பொதுப்பணத்துக்குப் பொறுப்பானவர்கள் கேட்டாக வேண்டிய கேள்வி. ஆனால் தீக்காயப் பிரிவில் பெருஞ்செலவு மருந்துப் பெட்டியில் இல்லை. நோயாளி கட்டிலில் கிடக்கும் நாட்களில் இருக்கிறது.

சில்வர் சல்ஃபாடயசின் களிம்பையே எடுத்துக்கொள்வோம். மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் தினமும் புண்ணைக் கழுவி, பழையதை வழித்தெடுத்து, புதிதாகப் பூச வேண்டும். கட்டை அவிழ்க்கையில் கடைசிச் சுற்றுத் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சலைன் ஊற்றி ஊறவிட்டு, ஓரத்திலிருந்து கொஞ்சங்கொஞ்சமாக நகர்த்துவோம். அவசரப்பட்டால் நேற்று முளைத்த தோலும் துணியோடு வந்துவிடும். குழந்தை என்றால் பிடித்துக்கொள்ள ஒருவர், அவிழ்க்க ஒருவர், வலிமருந்து, சில நேரம் மயக்கமருந்தும்கூட. வெள்ளி கலந்த புதுவகைக் கட்டின் விலை பல மடங்கு அதிகம். ஆனால் வகைக்கேற்ப 3 முதல் 7 நாள் வரை பிரிக்க வேண்டியதில்லை. செவிலியர் நேரத்தையும் வலிமருந்தையும் கூட இருக்கும் தாயின் போன கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஆழமில்லாத காயங்களுக்குப் பல நேரம் அதுவே மலிவு.

அதற்காகப் புதியதெல்லாம் உயர்ந்தது என்றாகாது. புண்ணில் ஒட்டாமல் இருப்பதுதான் முக்கியம். மும்பையில் மருத்துவர் கேஸ்வானி வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலால் கட்டுப் போட்டுக் காட்டினார். அங்கேயே சயான் மருத்துவமனையின் மருத்துவர் மாதுரி கோரே, கிருமி நீக்கிய வாழையிலை அதைவிடப் பல மடங்கு மலிவு என்றும் வலி தராமல் பிரிகிறது என்றும் 2003இல் எழுதினார். சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜன் தாளை உருவாக்கியது. குறைந்த செலவில் நல்ல கட்டு என்பது நம் நாட்டிலேயே நடந்த வேலை.

ஆழமான காயத்தின் கணக்கு வேறு. கருகிய தோல் கிடக்கக் கிடக்கக் கிருமி பெருகும். அதை முதல் சில நாட்களிலேயே செதுக்கி எடுத்து நோயாளியின் சொந்தத் தோலை ஒட்டும் முறையை, 1970இல் மாரிபோர் நகரத்தின் மருத்துவர் சோரா யான்செகோவிச் உலகுக்கு எடுத்துரைத்தார். இதற்கு விலையுயர்ந்த பொருள் வேண்டாம். அறுவை அரங்கும் இரத்தமும் மயக்க மருத்துவரும் உரிய நாளில் கிடைக்க வேண்டும்.

பாதி உடல் வெந்தவருக்கு ஒட்டுவதற்குச் சொந்தத் தோல் போதாது. புதிய சிகிச்சைகள் அங்கேதான் வருகின்றன. அன்னாசி நொதியால் ஆன நெக்ஸோபிரிட், கத்தியின்றி 4 மணி நேரத்தில் கருகலைக் கரைக்கிறது. இரத்த இழப்பு குறைகிறது. ரீசெல் முறையில் 1 சதுர செ.மீ. தோலிலிருந்து பிரித்த செல்களை 80 சதுர செ.மீ. வரை தெளிக்கலாம். ஆய்வகத்தில் வளர்க்கும் தோலுக்கு இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். விலையும் மிகப் பெரிது, ஒட்டிய பிறகும் எளிதில் கொப்புளிக்கும். உயிர் பிழைக்க வேறு வழியில்லாத சிலருக்கு அது தேவைதான். ஆனால் தோல் வங்கி இல்லாத ஊரில் அதை முதலில் வாங்குவது சரியான செலவு என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அந்த வங்கியில் சேமித்து வைக்கும், இறந்தவர் தானமாகத் தந்த தோல் இரண்டு மூன்று வாரம் புண்ணை மூடிக் காக்கும்; சொந்தத் தோல் எடுத்த இடம் ஆறி மறுபடி எடுக்கும்வரை உயிரைத் தாங்கும்.

பட்டியலில் ஏறாத செலவு ஒன்று உண்டு. வீடு திரும்பிய குழந்தைக்குக் கழுத்துத் தழும்பு இறுகி, தாடை நெஞ்சோடு இழுபடும். அதை விடுவிக்க வளர வளர அறுவை செய்ய வேண்டிவரும். அணைப்புப் பட்டையும் அழுத்த ஆடையும் உடற்பயிற்சியும் அதைப் பெருமளவு தடுக்கும். நிதி குறைந்தால் முதலில் வெட்டப்படுவது இவைதான். வெட்டக் கூடாததும் இவைதான்.

கொள்முதல் செய்வோர் ஒரு கட்டின் விலையை அல்ல, ஒரு நோயாளி வேலைக்கோ பள்ளிக்கோ திரும்பும்வரை ஆகும் செலவைக் கேட்க வேண்டும். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இறந்து 6 மணி நேரத்துக்குள் தோலைத் தானமாகத் தரலாம். தொடை, கால், முதுகிலிருந்து மெல்லிய மேலடுக்கை மட்டுமே எடுப்பார்கள். இரத்தப் பிரிவு பொருந்த வேண்டியதில்லை. கிளிசராலில் 5 ஆண்டு வரை வைத்திருக்கலாம். கண்ணோடு தோலையும் கொடுக்கச் சம்மதம் என்று உங்கள் வீட்டாரிடம் இன்றே சொல்லிவையுங்கள்.